இரட்டைப் பின்னல்

காலை ஐந்தரைக்கு எழுவேன். இளையவன் திலீப்புக்கு மைலோ கலக்குவேன். எட்டு வயது தேவிஸ்ரீயை எழுப்பி, தலைவாரிக் குதிரைவால் கட்டுவேன். பின்னல் எனக்கு வராது.

நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது, என் மனைவி கோமளா இறந்த மறுவாரத்திலிருந்து, நான் எழுப்பும் முன்பே தேவிஸ்ரீயின் தலையில் இரட்டைப் பின்னல் இருந்தது. கோமளா கட்டுவதுபோல் இடது ரிப்பன் சற்று மேலே இருக்கும். யார் பின்னியது என்று கேட்டால், "அம்மாதான்லா" என்பாள். பிறகு அவள் வேறு யாருடனும் பேசாமலானாள்.

அதனால்தான் மலாக்கா நகரில் கல்லூரி வேலையை ஏற்று, பழைய கோட்டைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தேன். இங்கு வந்த ஒன்பது நாளும் குதிரைவால்தான்.

"தொடப்பம் மாதிரி இருக்குப்பா," என்று தேவிஸ்ரீ சிரித்தாள். எதிர்வீட்டுப் பிள்ளையுடன் விளையாடினாள்.

இன்று எழுப்பப் போனேன். இரட்டைப் பின்னல்.

"அம்மாவுக்கு வழி தெரியலையாம்பா. நடந்தே வந்தாங்களாம். கால் ரொம்ப வலிக்குதாம்."

ரிப்பனை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கோமளா கடைசியாக என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"பிள்ளைங்க தனியா இருக்கும், நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வந்துர்றேன்."