புதுச் சிவப்பு

"சாயத்தண்ணிய நக்கிப் பாக்கிறது உங்க பரம்பரைப் பழக்கமாம்மா?" என்று கேட்டார் புள்ளியியல் அதிகாரி.

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் சிறுநீரில் ரத்தம் போய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும் போன மாதம் அப்படித்தான் போனார். அந்தச் சாவுகளைக் கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார் இவர்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன? செத்தவங்க எல்லாருமே நக்கிப் பாத்தவங்கதான். யாரும்மா பழக்கினது?"

"கம்பெனி கெமிஸ்ட்டு சார். புதுச் சிவப்புத் தூளுக்கு எல்லாரும் பயந்தாங்க. அவரு விரல்ல தொட்டு நக்கிக் காட்டினாரு. அப்படித்தான் பதம் பாக்கணும்னு அப்பா நெனச்சிக்கினாரு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நீ பாத்தியா?"

"அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கினு போயிருந்தேன்." முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "அன்னிக்கி நீங்க கண்ணாடி போடல சார்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.