ஈரமண்ணில் பதினோரு அடி

"பதினோரு அடி! பாத்தியா ரோசி? டாக்டரு சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு பாரு!"

பால்ராஜ் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினான். யார் கையையும் பிடிக்காமல், தானாக நடந்திருக்கிறது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பின்னால், ஏரித் தண்ணீர் வடிந்த ஈரமண். அதில் பதினோரு சின்னக் காலடிகள்.

ரோசிக்கும் சிரிப்பு வாய்வரை வந்தது. அப்போதுதான் மண்ணைப் பார்த்தாள்.

நண்டு பிடித்துப் பிழைக்கிறவள். சேற்றில் விழுந்த தடத்தை வைத்தே எந்த நண்டுக்கு எந்தக் கால் ஒடிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பாழாய்ப்போன கண், பார்க்காமல் இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் சென்னை டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். எலிகளின் காலில் மை தடவி வெள்ளைத்தாளில் நடக்கவிட்டிருந்தார்கள். முதல் எலியின் தடம் தையல் போட்டதுபோல் நேராகப் போனது.

இரண்டாவது எலிக்கு மூளையில் ஏதோ ஒரு என்சைம் பிறவியிலேயே இல்லை. அது இல்லாவிட்டால் மூளை வளரவேண்டியபடி வளராதாம், கால் சொன்ன பேச்சைக் கேட்காதாம். அதன் தடங்கள் அகன்று, கோணி, ஒவ்வொன்றின் பின்னாலும் விரல் இழுபட்ட கீறலோடு கிடந்தன.

மருந்து உண்டா என்று கேட்டாள். எலிக்கே இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றார். மனுஷன் வரிசை அதற்கு அப்புறம்தானே.

ஈரமண்ணில், வலது காலடி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கீறல் இருந்தது.

"தள்ளு ரோசி, அந்தக் காலடிய ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

பால்ராஜ் போனை நீட்டிக்கொண்டு வந்தான். ரோசி தெரியாமல் மிதித்தவள்போல் அவற்றின்மேல் நடந்தாள். அவன் கத்தக் கத்த, பதினொன்றும் அழியும்வரை நடந்தாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் மூத்தவன் சாம் கனத்தான்.

ஏழு வயது. இதே மண்ணில் அவனும் ஒன்றரை வயதில் நடந்தவன்தான். நாலே மாதம், அதோடு கால் நின்றுபோனது. அன்றைக்கும் இந்தக் கீறல் இருந்தது. என்னவென்று தெரியாமல் ரோசியும் கை தட்டினாள்.

எலிப் படத்தை டாக்டர் காட்டியது அவனுக்காகத்தான். அடுத்த பிள்ளைக்கும் இது வரலாம் என்று அவர் சொன்னபோது ரோசியின் வயிற்றில் மஞ்சுவுக்கு மூன்று மாதம்.

ரோசி சாமை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

இன்னொரு தடவை நடக்க வேண்டுமென்று, அப்பன் கையிலிருந்து இறங்கத் துடித்தாள் மஞ்சு.