ஒரே டிஸ்க், இரண்டு மெஷின்

அம்பத்தூர் கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். பார்த்தசாரதிக்கு ஒரு அறை, பார்வதத்துக்கு எதிர் அறை. இருவரின் மெஷினும் ஒரே டிஸ்க்கைப் பகிரும்படி ரோஷினி அவற்றை இயக்கும் மென்பொருளின் மையமான லினக்ஸ் கர்னலை அமைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு மெஷினும் ஓயாம பேசிக்கணும். பேச்சு நின்னுட்டா, ஒரே எடத்துல ரெண்டும் எழுதி டேட்டா நாசமாயிடும்” என்றாள் பார்வதத்திடம்.

“அந்தாளு மெஷினோட என் மெஷின் எதுக்குப் பேசணும்? அதைக் கட் பண்ணித் தொலை!” பார்வதம் சீறினார்.

ரோஷினி எதிர் அறைக்குப் போய் அதையே சொன்னாள்.

“அவ மெஷினைப் புடுங்கிப் போடு!” பார்த்தசாரதி மேசையைக் குத்தினார்.

ரோஷினி இரண்டு மெஷினையும் அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எங்கடி கெளம்பிட்ட?” பார்வதம் கத்தினார்.

“லேடீஸ் ஹாஸ்டலுக்கு. இனிமே அங்கதான் இருப்பேன். அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா.”