பட்டியலை ஒட்டுங்க, சார்!

"பட்டியலை ஒட்டுங்க, சார்."

வேளாண்மை அலுவலகத்துக்கு வந்து அவள் இதைச் சொல்வது ஐந்தாவது தடவை. அரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம் வைத்திருப்பவள். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவதால் ஊரில் அவளுக்கு 'மனு அக்கா' என்றே பேர்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்கெல்லாம் சாகுபடி மானியம் போச்சுன்னு தெரிஞ்சு உங்களுக்கு என்னம்மா ஆகணும்? உங்களுக்குத்தான் வந்துடுச்சே?"

"வந்துச்சு. என் பேரையும் சேர்த்தே ஒட்டுங்க."

"ஆளாளுக்கு வந்து சண்டை போடுவாங்க. என் தலைதான் உருளும்."

"ஊர்ப் பணம் சார். மூடி வைக்க அது யார் வீட்டு நகையும் இல்ல. எல்லாரும் பார்க்குற மாதிரி ஒட்டணும்னு உத்தரவே இருக்கு."

உத்தரவின் நகலை மேஜைமேல் வைத்தாள்.

"பார்க்கலாம்... அடுத்த வாரம் வாங்க."

"நாளைக்கு ஒட்டினாக்கூடப் பிரயோஜனமில்ல. இன்னிக்கு வேணும்."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. அவள் அசையவில்லை.

இரண்டரை மணிக்கு எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே பசை டப்பாவோடு வெளியே வந்தார்.

ஒட்டிய ஈரம் காய்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். சுவரிலிருந்த ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தாள். நோட்டில் அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்தாள். கடைசியில் நோட்டில் பதினேழு பேரை வட்டமிட்டாள்.

"பதினேழு பேர் மாட்டிக்கிட்டாங்க," என்றார் ஒருவர்.

"நல்லது செய்யவே பொறக்காதவ," என்றார் இன்னொருவர், அவள் காதில் விழும்படியே.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். பின்னாலேயே பைக்கில் கொழுந்தன் வந்து வழிமறித்தான்.

"அண்ணி, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். சொந்தக்காரன் மானத்தை வாங்காதீங்க."

"என்ன தம்பி?"

"என் தரிசு நிலத்துலயும் பயிர் இருக்குன்னு எழுதி மானியம் வாங்கினேன். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்போ எம்மேலயும் மனு போடுவீங்களா?"

"நீயா போய்த் திருப்பிக் கட்டு. பட்டியல் சுவர்ல இருக்கு, எத்தனை நாளைக்கு மறைப்பே? நகரு, எனக்கு நேரமில்ல."

"யார் வீட்டுக்குப் போறீங்க?"

"பதினேழு வீட்டுக்கும். இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."

இன்றைக்கு ஊரே ரெண்டாகப்போகிறது என்று பயந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டே பின்தொடர்ந்தான்.

முதல் வீடு, குத்தகைக்குக் காய்கறி போடும் ஒரு பெண்ணின் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவள் நோட்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். சேதி அதற்குள் வந்திருந்தது.

"அக்கா, சத்தியமா நான் ஒத்தைக் காசு வாங்கலை! குத்தகை நிலத்துக்கு எவன் தருவான்? என் பேரை ஏன்க்கா எழுதினீங்க?"

மனு அக்கா பையிலிருந்து பேர் மட்டும் எழுதாமல் தயாராக வைத்திருந்த ஒரு விண்ணப்பத்தை உருவி நீட்டினாள்.

"வாங்கலைன்னுதாம்மா எழுதினேன். குத்தகைக்காரங்களுக்கும் மானியம் உண்டு, மனு குடுக்க நாளைக்குக் கடைசி நாள். கையெழுத்துப் போடு, இன்னும் பதினாறு வீடு இருக்கு."