ஒரு சேவலும் எட்டுத் தறியும்

"ஏம்மா! அந்தச் சேவலை வித்துரு!"

மதிலுக்கு மேலே தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுத் துரைப்பாண்டி. அவர் போட்ட சத்தத்தில், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கோகிலா அப்போதுதான் பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிட்டிருந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எதுக்கு விக்கணும் அண்ணாச்சி?"

"மூணு மணிக்கே கூவுதும்மா! கோழியை வச்சுக்கோ! அது முட்டை போடும்! சேவல் வேண்டாம்!"

வேண்டாமாமே! இவர் யார் சொல்ல?

இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவன் வெங்கடேஷ் லாரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர எட்டு நாள். பிள்ளைக்கு முட்டை மஞ்சள்கரு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், வாசுதேவநல்லூர் அம்மா வீட்டிலிருந்து மூன்று வெடைக்கோழியும் ஒரு சேவலும் கூடையில் போட்டு, கண்டக்டரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் கொண்டுவந்தாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முருங்கை மரத்தடியில் தானே வலை அடித்தாள். விரலில் கம்பி குத்தியதுதான் மிச்சம். இப்போதுதான் ஒரு கோழி பதினோரு முட்டையோடு அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.

"சேவலை வித்துட்டா அடுத்த ஈடு முட்டை எப்படிப் பொரியும்? பகல் பூரா எட்டுத் தறி ஓட்டுதீங்க. செவரே அதிருது. நாங்க ஒரு வார்த்தை கேட்டிருப்பமா? ஒரே ஒரு சேவல் கூவுனது உங்களுக்குப் பொறுக்கலையோ?"

அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. இன்னும் உரக்க, "உன் பிள்ளைக்குத்தாம்மா..." என்று குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

கோகிலா சட்டென்று பின்னால் நகர்ந்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பிள்ளையைச் சொல்லி மிரட்டுதீங்களா? ஆம்பளை இல்லாத வீடுன்னுதானே இந்த அதிகாரம்? சேவல் இங்கனதான் நிக்கும். கூவத்தான் செய்யும்!"

கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே வந்த பிறகு கோபம் இரட்டிப்பாகியிருந்தது.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்தாள். கான்வென்ட்டில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை. மனு மளமளவென்று வந்தது.

'இரவும் பகலும் ஓயாத தறிச் சத்தத்தால் என் கைக்குழந்தை தூக்கமின்றித் தவிக்கிறது. வீடுகளுக்கு நடுவே நடக்கும் இந்தத் தறிக்கூடத்தை உடனே மூட நகராட்சி நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

பிள்ளை விழித்ததும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கலங்கிய கண்ணையும் கையிலிருந்த குழந்தையையும் பார்த்துவிட்டு மூன்று வீட்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது, எதிர்வீட்டு ஞானபூரணம். வாசலில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேப்பரும்மா?"

"தறியை மூடச் சொல்லி மனு. ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. காலையில அந்த மனுசன் என்னை ஏசுனது கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்."

ஞானபூரணம் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள்.

"இரவும் பகலும்னு போட்டிருக்கியே, ராத்திரி தறி ஓடி நீ கேட்டிருக்கியா?"

கோகிலா தடுமாறினாள். "அது... ஒரு பலத்துக்கு எழுதுனதுக்கா."

"அப்போ ராத்திரி பிள்ளை எதுக்கு அந்த வீறு வீறுது?"

கோகிலா மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்குச் சேவல் கூவும். பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எழும். விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். அதை மனுவில் எழுத முடியுமா?

"உங்க வீட்டுக்காரர் அங்கனதானே வேலை பாக்காரு? பின்னே முதலாளிக்குப் பரிஞ்சுதானே பேசுவீங்க!" என்றாள் வெடுக்கென்று.

ஞானபூரணம் உள்ளியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏட்டி, வாயை அளந்து பேசு. ஆமா, அங்கனதான் வேலை பாக்காரு. இருபது வருசமா ராத்திரி ஷிப்டு பாத்த ஆளு. நீ இங்கன தொட்டில் கட்டுன மறுநாளே, 'பச்சப்பிள்ளை தூங்கணும், இனிமே ராத்திரி தறி ஓடாது'ன்னு நிப்பாட்டிட்டாரு துரைப்பாண்டி. அன்னையிலேர்ந்து எல்லாருக்கும் பகல் வேலைதான். உன்கிட்ட யாரும் வந்து சொன்னமா?"

கோகிலாவின் கையில் மனு கசங்கியது. ஆனாலும் காலையில் பட்ட அவமானம் விடவில்லை.

"அம்புட்டு நல்லவரு ஒரு சேவலுக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்? அது கூவுனா அவரு தூக்கம் கெட்டுப்போவுதாமா?"

"அவரு தூக்கமா? தறிக்குள்ளேயே கெடந்து ரெண்டு காதும் போன மனுசன்ட்டி அவரு! சேவல் கூவுனா உன் பிள்ளை எந்திச்சு அழுவுதுன்னு, பொஞ்சாதி கையைக் காட்டிச் சொல்லித்தானே அவருக்கே தெரியும்!"