முதுகுத் திறப்பு

"இந்த ரெண்டு திறப்பையும் தைச்சு மூடிடுங்க அக்கா."

தையல்காரிக்குக் கோபம் வந்தது. போன மாதம் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று உயிரை வாங்கி, மகளின் சட்டைகளுக்கெல்லாம் முதுகில் இரண்டு நீளத் திறப்பு வைக்கச் சொன்னவள் இதே அம்மாதான்.

"அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? முதுகுல திறப்பு, அதை மறைக்க இந்த வெயில்ல சால்வை! காலேஜ்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சாங்க." அம்மா தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை அளவுச் சட்டையெல்லாம் வேண்டாம். பொண்ணையே கூப்பிடுங்க."

வாசலில் நின்ற மகள் உள்ளே வந்து திரும்பி நின்றாள். முதுகில் இஞ்ச் டேப் பட்டதும் துடித்துப்போனாள்.

"மெதுவா ஆன்ட்டி! வெட்டின இடம் இன்னும் ஆறல."

"எதைம்மா வெட்டின?"

"இனிமே நானும் எல்லாரையும் மாதிரிதான்," என்றாள் மகள். சட்டைக்குள் இரண்டு கட்டுகள் புடைத்துத் தெரிந்தன.

தையல்காரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சால்வைக்குள் இரண்டு சிறகுகள் ஒருமுறை படபடத்து அடங்கின.

"இந்த லீவுலதான் பறக்கக் கத்துக்கொடுக்கலாம்னு இருந்தேன் அக்கா."