கார்பனா, ஃபைபரா?

“அந்தக் கார்பன் வேணாம்மா. ஃபைபரை வாங்கிட்டுப் போங்க.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அவள் கார்பன் என்று கேட்டதும் இப்படிச் சொன்னவன் புழுதி. அவன் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது மட்டும்தான் கிடைக்கும் என்பதால் மைதானத்தில் வைத்த பெயர்.

அவளுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு மண் பாதை பைக் பந்தயத்தில் அவள் மகளோடு மோதப் போகிறவனே இவன்தான். கிளப் அணியில் காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். இவர்கள் இருவரில் யார் முந்துகிறார்களோ, அவர்களுக்கு அது. அதற்காக மகள் லீவு நாளில்கூட நன்றாகத் தூங்கியதில்லை.

அவள் கைக்குட்டையைப் பிரித்து, முனை உடைந்த ரீட் வால்வைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். காகிதம் மாதிரி மெல்லிய இதழ். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ளும் கதவு அதுதானாம். அது உடைந்ததிலிருந்து வண்டி கிளம்புவேனா என்று அடம்பிடிக்கிறது. மகள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கடை மூடிவிடும் என்பதால் அம்மாவை அனுப்பியிருந்தாள்.

கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கறுப்பு, கார்பன். வெளிர் பச்சை, ஃபைபர்.

“பொண்ணு நேத்தே கார்பன்னுதான் சொல்லி வெச்சா,” என்றாள் கடைக்காரரிடம், புழுதியைப் பார்க்காமல்.

“அவ சொன்னப்போ தடம் காஞ்சு கிடந்துச்சு,” என்றான் அவன் விடாமல். “ராத்திரி பெஞ்ச மழையில பெரிய மேடு பூரா சேறு. விடிஞ்சதும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கார்பன் விறைப்பும்மா. இன்ஜின் அலறினாத்தான் அதுக்கு ஒழுங்காத் திறக்க வரும். சேத்துல மெதுவாத்தான் ஏறணும். பாதி மேட்டுல இன்ஜின் அடங்கிடுச்சுன்னா வண்டி ஆளோட சேர்ந்து பின்னால உருளும். ஃபைபர் அப்படி இல்ல, லேசா இழுத்தாலே திறந்துக்கும்.”

மகளைக் கேட்கலாம் என்றால், அவள் வேலை பார்க்கும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

“நீ என்னப்பா வாங்கின?”

அவன் பையைச் சட்டென்று முதுகுப் பக்கம் கொண்டுபோனான். மெல்லிய பை. உள்ளே இருந்த கறுப்பு நன்றாகவே தெரிந்தது.

“எனக்குக் கார்பன்தாம்மா. நான் ஓட்டுறது வேற மாதிரி.”

“ஓஹோ.”

“நெஜமாம்மா. கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடிச்சு எப்படியாவது ஏத்திடுவேன்.”

“என் பொண்ணுக்குக் கிளட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாதாக்கும்.”

புழுதி தலையைச் சொறிந்தான். “அவளை முந்தினாலும் முந்திடலாம். உங்களைப் பேசி முந்த முடியாது,” என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். “கேட்டீங்களாண்ணே? தனக்குக் கார்பனாம், என் பொண்ணுக்கு ஃபைபராம். அம்மா அம்மான்னுக்கிட்டே என் தலையில மொளகா அரைக்கப் பாக்குறான்.”

கடைக்காரர் சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தார். “அவன் சொன்னதுல தப்பில்லம்மா.”

“நீங்களும் அவன் பக்கமா? சரி, ரெண்டுல எது விலை ஜாஸ்தி?”

“கார்பன்.”

“அப்ப எது நல்லதுன்னு இதுக்கு மேல நான் படிச்சுட்டு வரணுமா? கட்டுங்க.”

“நாளைக்கு இருக்கிற சேத்துக்கு...”

“கட்டுங்கண்ணே.”

அவர் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாளே தவிர படியிறங்கவில்லை. பாதி மேடு, பின்னால் உருளும் வண்டி. ஒருவேளை அவன் சொன்னது நிஜமாக இருந்தால்? போகிற போக்கில் என்னைப் பயமுறுத்திவிட்டல்லவா போயிருக்கிறான் என்று அதற்கும் அவனையே திட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் ஃபைபர் பாக்கெட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“யாருக்குண்ணே?”

“புழுதிக்குத்தான். ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டான். அவன் செட்டு அவனுக்கே மிஞ்சிடுச்சுன்னு சொல்லிடறேன்.”

“அவன் செட்டா?”

“உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னான். இனிமே சொன்னா என்ன? ஃபைபர்ல கடையில இருந்தது இது ஒண்ணுதாம்மா. கடை திறந்ததும் வந்து அவன் வாங்கிட்டான். ரீட் இருக்கான்னு கேட்டு நீங்க போன் பண்ணினப்போ இங்கதான் நின்னுக்கிட்டிருந்தான். பேசினது யாருன்னு கேட்டுக்கிட்டான். அப்புறம், ‘போன மழைக்கு அந்த மேட்டுலதானே அவ கையை உடைச்சுக்கிட்டா’ன்னுட்டு, பாக்கெட்டை மேசையில வெச்சான். கார்பனை எடுத்துக்கிட்டான்.”

போனில் மணி போய்க்கொண்டிருந்தது.

“வேணாண்ணே, கட் பண்ணிடுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் கார்பன் மேசைக்கு வந்திருந்தது. அவள் கை ஃபைபரை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தது. முகம் சுட்டது அதற்கப்புறம்தான்.